மனைவி பிஎச்.டி., நான் பிளஸ் டூ

கேள்வி: எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் பிரிவு முழுக்க என் பொறுப்பு. 2004-ல் பிளஸ் டூ முடித்தேன், 1200-க்கு 1041. அந்த வருடம் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் மேலே படிக்கவில்லை. மனைவி வேதியியலில் எம்.எஸ்ஸி., எம்.ஃபில். ஒரு தனியார் கல்லூரியில் வேலை. அடுத்த மாதம் பிஎச்.டி. வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. போன மாதம் ஒரு காதுகுத்தில் மனைவியின் அண்ணன் எல்லோர் நடுவிலும், “மாப்பிள்ளைக்குக் கை நல்லா ஓடும், என் தங்கச்சிக்குத் தலை நல்லா ஓடும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. எட்டாவது படிக்கும் மகள் கணக்கு நோட்டோடு என்னைத் தாண்டிப் போய் அம்மாவிடம் உட்காருகிறாள். கேட்டால், “அப்பாவுக்குத் தெரியாது” என்கிறாள். துணியைக் கையில் பிடித்தாலே ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) சொல்லிவிடுவேன். ஓர் ஆர்டருக்கு எத்தனை கிலோ துணி என்பது மனக்கணக்கில் வந்துவிடும். என் மனைவியோ, வண்டி நின்று ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வரும் வரை பெட்ரோல் முள்ளைப் பார்க்க மாட்டாள். ஆனால் ஊருக்கு அவள்தான் அறிவாளி. ஒருநாள் ராத்திரி போனில் ஐ.க்யூ. டெஸ்ட் எழுதிப் பார்த்தேன், 94 வந்தது. படிப்பு அதிகம் என்றால் அறிவும் அதிகமா? நிஜமான ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாமா? தபால் வழியில் ஒரு டிகிரி வாங்கிவிட்டால் இது தீருமா? வைவாவுக்கு வரச் சொல்கிறாள். எனக்கு அங்கே என்ன புரியப்போகிறது? ஷிப்மென்ட் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

முதலில் அந்த 94-ஐ மறந்துவிடுங்கள். இருபத்திரண்டு வருடமாக ஐ.க்யூ. பரிசோதனை நடத்திச் சாப்பிடுகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன். நிஜமான பரிசோதனை என்பது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, எதிரே ஓர் உளவியலாளர், குறைந்தது ஒரு மணி நேரம். வந்தவர் தூங்கினாரா, சாப்பிட்டாரா, கண்ணாடி போட்டிருக்கிறாரா, கேள்வி காதில் விழுந்ததா என்பதெல்லாம் குறிப்பில் ஏறும். வரும் மதிப்பெண்ணை ஒரே எண்ணாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது, இந்த எண்ணிலிருந்து இந்த எண்ணுக்குள் என்று ஒரு வீச்சாகத்தான் படிக்க வேண்டும். சராசரி 100 வரும்படி முன்கூட்டியே அளவு செய்து வைத்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில்தான் இருப்பார்கள். ராத்திரி, நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, மச்சான் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது போனில் அழுத்திய பொத்தான்கள் எதையும் அளக்கவில்லை. கடைசியில் சர்டிஃபிகேட் வேண்டுமானால் பணம் கட்டு என்று கேட்டிருக்குமே?

சரி, நிஜப் பரிசோதனைக்கு வரலாமா என்றால், என்னிடம் வந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்புவேன். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு எங்கே சிக்கல் என்று பார்க்க எடுக்கிறோம். விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு எடுக்கிறோம். அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழுக்கு எடுக்கிறோம். மச்சானுக்குப் பதில் சொல்ல எடுத்ததில்லை.

இந்தப் பரிசோதனை பிறந்த கதையே அப்படித்தான். பிரான்சில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, எந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு தேவை என்று கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்காக ஆல்ஃபிரட் பினே என்பவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905-ல் ஒரு கேள்வித் தொகுப்பைச் செய்தார். யார் யாரைவிட உசத்தி என்று வரிசை போடுவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. ஒருவருடைய அறிவு இவ்வளவுதான், இனி ஏறாது என்று சொல்பவர்களை அவரே 1909-ல் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவர் இறந்த பிறகு அமெரிக்காக்காரர்கள் அதை எடுத்துப் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பது வரை கொண்டுபோனது தனிக் கதை. நம் ஊர் மருத்துவமனைகளில் பினேயின் தொகுப்பை இந்தியாவுக்கு ஏற்ப மாற்றிய காமத் பரிசோதனை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்த வேண்டும் என்று சி.எம். பாட்டியா 1955-ல் கொண்டுவந்த ஐந்து செயல் பரிசோதனைகளும் அப்படியே. கட்டை அடுக்குவது, படம் வரைவது, துண்டுகளைச் சேர்ப்பது போன்றவை.

கட்டை என்றதும் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். விபத்து நஷ்டஈட்டு வழக்குக்காக வந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், மூன்றாம் வகுப்போடு நின்றவர். பொது அறிவுக் கேள்விகளில் பாதிக்கு மேல் “அதெல்லாம் நமக்கெங்கம்மா தெரியும்” என்று கை விரித்தார். அப்புறம் சிவப்பு வெள்ளைக் கட்டைகளைக் கொடுத்து, அட்டையில் இருக்கும் கோலத்தைப் போல அடுக்கச் சொன்னேன். நான் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு நிமிர்வதற்குள் முடித்துவிட்டு, “ஜாயிண்ட் விட வேண்டாமா?” என்று கேட்டார். டைல்ஸ் ஒட்டுகிறவர். முப்பது வருடமாக வீட்டுத் தரைகளில் அவர் செய்துகொண்டிருந்ததைத்தான் நான் பரிசோதனை என்று கொடுத்திருக்கிறேன். அதே வாரத்தில் ஒரு பேராசிரியர் வந்திருந்தார். சொற்களின் அர்த்தம் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கட்டைகளை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார், நேரம் முடிந்தது. இருவருக்கும் மொத்தக் கூட்டல் ஏறக்குறைய பக்கத்தில் வந்தது. அந்தக் கூட்டலைப் பார்த்து இரண்டு பேரும் ஒன்று என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். படிப்புக்கும் அறிவுக்கும் சம்பந்தமே இல்லை, பட்டம் வெறும் காகிதம் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். உங்கள் நண்பர்கள் இதற்குள் ராமானுஜன் எஃப்.ஏ. (அந்தக் காலக் கல்லூரியின் முதல் கட்டத் தேர்வு) தேர்வில் தோற்றவர் என்று ஆறுதல் சொல்லியிருப்பார்கள். உங்கள் பக்கத்து ஊர் ஜி.டி. நாயுடுவையும் இழுத்திருப்பார்கள். எனக்கு அந்த ஆறுதலில் நம்பிக்கை இல்லை. ராமானுஜனுக்குப் பட்டம் இல்லாததன் விலை, 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. கொடுத்தபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார்.

சம்பந்தம் இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த ஒரு குழு 1996-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தது. ஐ.க்யூ. மதிப்பெண்ணுக்கும் மொத்தம் எத்தனை வருடம் படித்தார் என்பதற்கும் உள்ள ஒட்டுறவு ஏறக்குறைய 0.55 என்று அது சொன்னது. பூஜ்யம் என்றால் சம்பந்தமே இல்லை, ஒன்று என்றால் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. 0.55 என்றால் என்ன? கணக்குப் போட்டுப் பார்த்தால் இப்படி வரும்: படிப்பில் வித்தியாசப்படும் நூறு ஜோடிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், சுமார் 68 ஜோடிகளில் அதிகம் படித்தவருக்கு ஐ.க்யூ. அதிகம் இருக்கும், சுமார் 32 ஜோடிகளில் தலைகீழாக இருக்கும். உங்கள் வீடு 68-ல் இருக்கிறதா 32-ல் இருக்கிறதா என்று உங்கள் இருவரின் பட்டத்தை வைத்துச் சொல்ல யாராலும் முடியாது. மச்சானாலும் முடியாது.

அந்த 0.55-க்குள்ளும் ஒரு முடிச்சு இருக்கிறது. மூளை நன்றாக வேலை செய்கிறவர்கள் அதிகம் படிக்கிறார்கள் என்பது அதில் ஒரு பங்கு. படிப்பே மதிப்பெண்ணை ஏற்றிவிடுகிறது என்பது இன்னொரு பங்கு. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்து 2018-ல் வந்த ஓர் ஆய்வில், ஒவ்வொரு வருடக் கூடுதல் படிப்பும் ஐ.க்யூ.வை 1 முதல் 5 புள்ளி வரை உயர்த்துகிறது என்று கண்டார்கள். அதாவது பள்ளியில் உட்கார்ந்திருப்பதே இந்தப் பரிசோதனைக்கு நல்ல பயிற்சி. 2004-ல் படிப்பை நிறுத்தியவரையும் அதற்கு மேல் பல வருடம் தொடர்ந்தவரையும் ஒரே தாளில் உட்கார வைத்து, பிறவி அறிவு யாருக்கு அதிகம் என்று கேட்பது, ஒருவரை மட்டும் ஜிம்முக்கு அனுப்பிவிட்டுப் பிறவி பலம் யாருக்கு என்று கேட்பது மாதிரி.

பள்ளி அப்படி என்னதான் செய்கிறது? ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 32-ல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் கேட்ட ஒரு கேள்வி எங்கள் வட்டாரத்தில் பிரபலம். வடக்கே பனிப் பிரதேசத்தில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவாயா செம்லியா என்ற தீவுக்கூட்டம் வடக்கே பனிப் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? பள்ளிக்கூடமே பார்க்காத விவசாயிகள் சொன்ன பதில் இந்த மாதிரி: நான் கறுப்புக் கரடிதான் பார்த்திருக்கிறேன், பார்க்காததைப் பற்றிப் பேச மாட்டேன், ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு மாதிரி மிருகம். கொஞ்ச காலம் படித்தவர்கள் டக்கென்று வெள்ளை என்றார்கள். முதலில் சொன்னவர்கள் மக்குகளா? பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்பது நல்ல சாட்சிக்கு அழகு. ஆனால் கண்ணால் பார்க்காத ஒன்றை, சொல்லப்பட்ட வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவு வரை போவது ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பள்ளி கொடுக்கிறது. உங்கள் மனைவி பிஎச்.டி. வரை போய் அந்தப் பழக்கத்தைத் தீட்டியிருக்கிறார். அது உண்மையான சம்பாத்தியம். அதைக் காகிதம் என்று நினைக்க ஆரம்பித்தால் அவருக்கு மட்டும் நஷ்டமில்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பிரேசிலில் ரெசிஃபே என்ற நகரத்தில் தெருவில் தேங்காய் முதலியவை விற்கும் பிள்ளைகளிடம் ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 1985-ல் வெளிவந்த ஆய்வு. ஒரு தேங்காய் 35, பத்து எவ்வளவு? ஒரு பையன், மூன்று தேங்காய் 105, இன்னொரு மூன்று போட்டால் 210 என்று கூட்டிக் கூட்டிப் போய் 350-க்கு வந்துவிட்டான். பத்தால் பெருக்கினால் ஒரு பூஜ்யம் போட்டுக்கொள் என்ற பள்ளிப் பாடமே அங்கே இல்லை. தெருவில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே பிள்ளைகளிடம் அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாக வந்தது. தாள் மாறியதும் பையன் மாறிவிட்டானா என்ன?

உங்கள் கதையும் இதுதான். உங்கள் தொழிலைப் பற்றித் தெரியாமல் எழுதக் கூடாது என்று, திருப்பூரில் இதே வேலையில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். ஒரு சாதாரண ரவுண்டு நெக் டி-ஷர்ட்டுக்குத் துணிக் கணக்கு எப்படி என்று கேட்டேன். டீ குடித்துக்கொண்டே சொன்னார். பாடி நீளம் 70 செ.மீ., கை 20, தையலுக்கும் மடிப்புக்கும் 10, ஆக 100. மார்பு பாதிக்கு 55, தையலுக்கு 3, அது இரண்டு மடங்கு, ஆக 116. அப்படியென்றால் ஒரு பீஸுக்கு 1.16 சதுர மீட்டர். துணி 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். பீஸுக்கு 209 கிராம், டஜனுக்கு இரண்டரைக் கிலோ. வேஸ்ட்டுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் இரண்டே முக்கால். இவ்வளவும் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. எனக்கு எழுதிக்கொள்ளவே மூன்று நிமிடம் ஆனது. இதில் டஜனுக்கு நூறு கிராம் தப்பினால் லட்சம் பீஸ் ஆர்டரில் 833 கிலோ துணி தப்பும் என்றும் சொன்னார். கழுத்துப் பட்டை (ரிப்) தனிக் கணக்கு, துணிச் சுருளின் அகலம் (டயா) மாறினால் வேறு கணக்கு. இத்தனை எண்களை ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்வதை எங்கள் பாஷையில் செயல்நினைவு என்போம். ஐ.க்யூ. பரிசோதனையில் அதற்கென்றே தனிப் பகுதி உண்டு.

ஆக, கையும் ஓடுகிறது, தலையும் ஓடுகிறது. தலை ஓடும் சத்தம் காதுகுத்துப் பந்தியில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கல்வித் தகுதி என்பது எந்த வருடத்தில் எந்தக் கதவுக்கு முன்னால் நின்றோம் என்பதையும் பொறுத்தது. 1041 என்பது வைத்துக்கொண்டு தலை குனிய வேண்டிய மதிப்பெண் இல்லை. நீங்கள் முடித்த 2004-ல் பொறியியல் சேர நுழைவுத் தேர்வு வேறு இருந்தது. கோச்சிங் போனவர்களுக்கு அது ஏணி, கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சுவர். மூன்று வருடம் கழித்து, 2007 சேர்க்கையிலிருந்து தமிழ்நாட்டில் அதை எடுத்துவிட்டார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்தது. இதில் ஏதாவது ஒன்று நீங்கள் முடித்த வருடமே இருந்திருந்தால், அப்பா படுக்கையில் இருந்தபோதும் உங்கள் வீட்டில் வேறு மாதிரி யோசித்திருப்பார்கள். இதைச் சொல்வது உங்களை அழ வைக்க இல்லை. எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஒரே தேர்வு எழுதி, அதில் நீங்கள் மனைவியிடம் தோற்றுவிட்டது போல ஒரு படத்தை மனதில் மாட்டி வைத்திருக்கிறீர்களே, அப்படி ஒரு தேர்வு நடக்கவே இல்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. பெட்ரோல் முள். மச்சான் உங்களுக்குச் செய்ததை அந்த ஒரு வரியில் நீங்கள் மனைவிக்குச் செய்திருக்கிறீர்கள். ஒருத்தருக்குத் தெரியாத ஒன்றை எடுத்து அவரை எடை போடுவது. பட்டத்தை வைத்து எடை போட்டால் தப்பு, பெட்ரோலை வைத்து எடை போட்டால் சரி என்று ஆகிவிடாது. வேலை, வீடு, பிள்ளை என்று ஓடிக்கொண்டே ஒரு பெண் பிஎச்.டி. முடிப்பது என்றால் என்ன என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள். அதில் அறிவு பாதி, அடம் பாதி. எந்த வேலைக்கும் அப்படித்தான், உங்கள் வேலைக்கும்தான்.

டிகிரி விஷயம். இது தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். “இது” என்றால் மனக்குறை என்றால் தீராது. பி.பி.ஏ. முடித்ததும் மச்சான் எம்.பி.ஏ.வைப் பற்றிப் பேசுவார். ஆனால் கம்பெனியில் அடுத்த படிக்கு டிகிரி கேட்கிறார்கள் என்றால், அல்லது உங்களுக்கே படிக்க ஆசை விட்டுப்போகவில்லை என்றால், தாராளமாகச் சேருங்கள். பிளஸ் டூ முடித்துவிட்டதால் உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ இருக்கிறது. பணம் கட்டும் முன் அந்தப் படிப்பு அந்த வருடத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அனுமதித்த தொலைதூரப் படிப்புகள் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அப்படி அனுமதி பெற்ற பட்டம், நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. பி.இ. மட்டும் தபாலில் கிடையாது. யாராவது தருகிறேன் என்றால் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம். வீட்டில் யார் பெரியவர் என்று நிரூபிக்க மட்டும் சேராதீர்கள். இரண்டாவது செமஸ்டரிலேயே அலுத்துவிடும்.

மகள். அவள் சொன்னது உங்களை அவமானப்படுத்த இல்லை. அம்மாவிடம் போனால் பதில் சீக்கிரம் கிடைக்கிறது என்பது அவள் கணக்கு. ஆசிரியை வீட்டிலேயே இருக்கும்போது எந்தப் பிள்ளையும் அப்படித்தான் செய்யும். எட்டாம் வகுப்புக் கணக்கில் ‘வாழ்வியல் கணிதம்’ என்று ஒரு பாடம் இருக்கிறது, அதில் சதவீதம் வரும். அந்தப் பக்கம் வரும்போது ஒரு துண்டுத் துணியை மேஜையில் போட்டு இதைக் கேளுங்கள்: இந்தத் துணி துவைத்தால் நீளத்தில் 5 சதவீதம் சுருங்கும். துவைத்த பிறகு 70 செ.மீ. நீளம் வேண்டும். எவ்வளவு வெட்ட வேண்டும்? அவள் 70-க்கு 5 சதவீதம் 3.5, ஆக 73.5 என்பாள். பெரும்பாலோர் அப்படித்தான் சொல்வார்கள். 73.5-ஐ அவளையே சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், 69.8-தான் நிற்கும். எங்கே போனது மிச்சம் என்று அவள் உங்களைப் பார்ப்பாள். 70-ஐ 0.95-ஆல் வகுக்க வேண்டும், 73.7 வரும் என்று அவளாகவே கண்டுபிடிக்க கொஞ்ச நேரம் விடுங்கள், உடனே சொல்லிவிடாதீர்கள். பாடத்தில் உங்களுக்குத் தெரியாதது வந்தால், “தெரியலையே, வா பார்க்கலாம்” என்று பக்கத்தில் உட்காருங்கள். தெரியாது என்று சாதாரணமாகச் சொல்லும் அப்பா கிடைப்பது பிள்ளைகளுக்கு அபூர்வம். எல்லாம் தெரிந்த மாதிரி நடிக்கும் அப்பாக்களின் பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

மச்சானுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அடுத்த முறை அவர் அப்படிச் சொன்னால் சிரிக்காதீர்கள், அது போதும். கூட்டத்தில் ஒருத்தர் சிரிக்கவில்லை என்றால் ஜோக் சொன்னவருக்கே தெரிந்துவிடும். ஆனால் அது உங்களுக்கு வலித்தது என்று மனைவியிடம் சொல்லிவிட்டீர்களா? காதுகுத்தில் எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் சிரித்தாரா என்று எழுதவில்லை. எனக்கென்னவோ நீங்கள் அவர் முகத்தையே பார்க்கவில்லை என்று படுகிறது.

கடைசியாக வைவா. போங்கள். எனக்கு என்ன புரியும் என்கிறீர்கள். பொது வைவாக்களில் நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் நெறியாளரும் தவிர, அறையில் பாதிப் பேருக்குப் பாதிக்கு மேல் புரியாது. பின் வரிசையில் இருப்பவர்கள் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்நாக்ஸ் டப்பாவில் சமோசா இருக்கிறதா பஃப்ஸ் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்த அறையில் உங்கள் மனைவிக்குத் தேவைப்படப் போவது வேதியியல் தெரிந்த இன்னொரு முகம் இல்லை. நீங்கள் முன் வரிசையில் உட்காருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

போவதற்கு முன்னால் ஒரு வேலை. கடிதத்தில் மனைவியின் பட்டங்கள் வரிசையாக வருகின்றன. எதைப் பற்றி ஆய்வு செய்தார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. இன்று ராத்திரி கேளுங்கள். வைவாவுக்கு ஒத்திகை பார்க்கும் நேரம், அவரும் யாரிடமாவது சொல்லிப் பார்க்கத் துடித்துக்கொண்டிருப்பார். புரியாத இடத்தில் நிறுத்தி, “இது ஏன் இப்படி ஆகுது?” என்று கேளுங்கள். துணியைத் தொட்டு ஜி.எஸ்.எம். சொல்கிற ஆள் கேட்கும் கேள்வியைத் தேர்வாளர்கள் கேட்க மாட்டார்கள்.

அந்த ஷிப்மென்ட்டை மட்டும் முந்தின வாரமே ஏற்றிவிட முடியுமா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.